எந்தப் பதிப்பில் என்ன மாறியது: ஆவணத்தில் குறிப்பது எப்படி?

ஒரு நிரல் லைப்ரரியின் ஆவணத்தில் "இப்போது தேதி இல்லாமலும் அழைக்கலாம்" என்று ஒரு வரி பார்த்தேன். அதை நம்பி எழுதினால் பிழை. எந்த "இப்போது"? என் சர்வரில் இருந்தது இரண்டு பதிப்பு பழசு. அது புரிவதற்குள் அரை நாள் போய்விட்டது.

அதனால் முதல் வேலை, உங்கள் ஆவணத்தில் "இப்போது", "சமீபத்தில்", "புதிய" என்று வரும் இடங்களைத் தேடிப்பிடித்து, அங்கே பதிப்பு எண்ணைப் போடுவது.

அடுத்து, எந்த வகை மாற்றம் என்று பிரியுங்கள்: சேர்க்கப்பட்டது, மாற்றப்பட்டது, கைவிடப்படுகிறது. பைதான் ஆவணங்களில் இந்த மூன்றுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. வேறொரு நிரலை இயக்கும் ஃபங்ஷனான சப்பிராசஸ்.ரன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விளக்கமெல்லாம் முடிந்த பிறகு குறிப்புகள் வரும்: 3.5இல் ஃபங்ஷனே சேர்ந்தது, 3.6இல் என்கோடிங், எரர்ஸ் என்ற அளவுருக்கள், 3.7இல் டெக்ஸ்ட், கேப்சர்_அவுட்புட் என்ற அளவுருக்கள். 3.6 வைத்திருப்பவருக்கு கேப்சர்_அவுட்புட் தனக்கு வேலை செய்யாது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். விளக்கத்தின் நடுவே இதைச் செருகினால், முதல்முறை படிப்பவர் தடுமாறுவார்.

சரி, குறிப்பில் என்ன எழுதுவது? பலர் சறுக்குவது இங்கேதான்.

"2.1இல் மாற்றப்பட்டது: தேதி கையாளுதல் மேம்படுத்தப்பட்டது."

இதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்:

"2.1இல் மாற்றப்பட்டது: தேதி தராவிட்டால் இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளும். முன்பு பிழை காட்டி நின்றுவிடும்."

இப்போது எப்படி, முன்பு எப்படி. இரண்டும் இருந்தால்தான் பழைய பதிப்பில் இருப்பவருக்கு உதவும்.

கைவிடும்போது மாற்று வழியையும் சொல்லிவிட வேண்டும். பைதானில் நிரல்களைப் பொதியாக்கி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் 3.10இல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 3.12இல் நீக்கப்பட்டது. "கைவிடப்பட்டது" என்று மட்டும் சொன்னால் படிப்பவர் எங்கே போவார்? பெரும்பாலான வேலைகளுக்கு செட்டப்டூல்ஸ் பக்கம் போகலாம் என்றும், எந்தப் பதிப்பில் நீக்கப்படும் என்றும் அதே இடத்தில் இருக்கட்டும்.

சின்னப் பிழைத்திருத்தங்களை ஃபங்ஷன் பக்கத்தில் ஏற்றாதீர்கள். அவை சேஞ்ச்லாகுக்கு, அதாவது பதிப்புவாரியான மாற்றப் பட்டியலுக்குப் போகட்டும். அங்கே தேதியை 2025-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 04/03 என்றால் ஒருவருக்கு மார்ச், இன்னொருவருக்கு ஏப்ரல்.

அப்புறம், குறிப்பை நிரலை மாற்றும் அதே கமிட்டில் (மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) எழுதிவிடுங்கள். வெளியீட்டு நாளில் உட்கார்ந்து யோசித்தால் பாதி மறந்துபோயிருக்கும். பதிப்பு எண் இன்னும் முடிவாகவில்லையா? பைதான் குழுவினர் அந்த இடத்தில் 'நெக்ஸ்ட்' என்று எழுதி வைக்கிறார்கள். வெளியிடும்போது அது சரியான எண்ணாக மாற்றப்படுகிறது.