ஏற்காடு ஏறுமுன் டயர் காத்தைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போனால் சித்தப்பா வண்டியை வாங்கிக்கொண்டு ஏற்காட்டுக்கு ஒரு எட்டுப் போய்வராமல் எனக்கு விடுமுறை முடியாது. உங்களுக்கும் அப்படித்தான் என்றால், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவுக்கும் முத்திரை இருக்கிறதா என்று விமானம் ஏறுமுன்னே பாருங்கள். ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும். மற்றபடி பேச்செல்லாம் டயர்தான்.

கடைத்தெருவுக்கு மட்டும் போய்வந்த வண்டியில் காத்து குறைந்தே இருக்கும். எவ்வளவு வைப்பது என்பது செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஒருவர் போனால் ஒரு அளவு, இருவர் போனால் பின் டயருக்குக் கூடுதல். ஐரோப்பாவில் இருப்பவர்கள் கவனிக்க: காத்தழுத்தத்துக்கு அங்கே ‘பார்’ கணக்கு, இங்கே எல்லாம் பிஎஸ்ஐ கணக்கு. 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பங்க்சர் கடையில் “2.2 வைங்கண்ணா” என்றேன்; அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 32 என்றதும் சிரித்துக்கொண்டே குழாயை எடுத்தார்.

காலையில், வண்டி சூடாகுமுன், சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் காத்துப் பிடித்துவிடுங்கள். பெட்ரோல் பங்கில் காத்துக்குக் காசு கிடையாது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய் கேஜ் வைத்தால் அளவு கூடித்தான் காட்டும். டயர் சூடேறியிருக்கும், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு. முதல் தடவை நான் பயந்துபோய் ஏரிக்கரையில் நின்று காத்தை இறக்கிவிட்டேன். மறுநாள் சேலத்தில் பார்த்தால் பின் டயர் சப்பையாக நிற்கிறது. மேலே இறக்காதீர்கள். ராத்திரி தங்கினால் குளிரில் கொஞ்சம் தானே இறங்கும்.

டயர் காத்தின் அளவைக் காட்டும், வால்வு மூடிக்குப் பதில் திருகும் சென்சாரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் அது வால்வு ஊசியை அழுத்தியபடியே உட்கார்ந்திருக்கும்; உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்தால் அது வழியாகவே கசியும். கடைக்கார அண்ணன் விரலில் எச்சில் தொட்டு வைத்துக் காட்டினார், குமிழ் குமிழாக வந்தது. பழைய ரப்பர் வால்வில் வெடிப்பு விட்டிருந்தால் சென்சாரின் எடையே அதை மேலும் கிழிக்கும். வால்வை மாற்றிவிட்டுப் போடுங்கள். கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம். காத்துப் பிடிக்கும்போது கழற்றி சட்டைப் பையில் போடுங்கள், டயர் பக்கத்தில் வைத்தால் அங்கேயே மறந்துவிடுவீர்கள்.

உள்ளே பொருத்திய சென்சார் என்றால் பங்க்சர் ஒட்டுமுன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்; டயர் கழற்றும் இரும்பு பட்டால் போச்சு. ஓட்டை அடைக்கும் பசைத் திரவமும் சென்சாரின் துளையை அடைத்துவிடும். சென்சாருக்கான உதிரி பட்டன் பேட்டரியை விமானத்தில் கைப்பையில் கொண்டுவாருங்கள், பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது.