டீ கிளாஸும் எவர்சில்வர் சொம்பும்: சார்கோலில் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெறும் வெள்ளைத் தாளில் கண்ணாடியை வரையத் தொடங்குவதுதான் பெரிய தவறு. கண்ணாடியை அடையாளம் காட்டுவது அதன் ஒளிப்புள்ளி. தாளே வெள்ளையாக இருந்தால் அந்தப் புள்ளி எடுபடாது. வில்லோ சார்கோலை (வில்லோ மரக் குச்சியைக் கரியாக்கியது) படுக்கவைத்துத் தாள் முழுக்கத் தேய்த்து, பழைய பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். நடுத்தரச் சாம்பல் நிறம் வந்தபின் ஒளி விழும் இடங்களை நீடட் ரப்பரால் (மாவு போலப் பிசையக்கூடிய அழிப்பான்) ஒற்றி எடுங்கள். இந்த அடிப்பூச்சுக்கு கம்ப்ரஸ்டு சார்கோல் (கரித்தூளை அழுத்திச் செய்த குச்சி) வேண்டாம். அதில் பசை சேர்ந்திருப்பதால் அழித்தாலும் வெள்ளை திரும்பாது. கடைசியில் வைக்கும் அடர் கறுப்புக்கு மட்டும் அது போதும்.

தண்டையார்பேட்டை டீக்கடை கிளாஸைச் சுற்றி ஒரே தடிமனில் கோடு இழுத்தால் கம்பியை வளைத்து வைத்தது போலிருக்கும். கண்ணாடியின் ஓரம் ஓரிடத்தில் கறுக்கும், அடுத்த இடத்தில் பின்னணியோடு கரைந்துவிடும். பக்க ஓரங்களிலும் தடித்த அடியிலும் ஒளி அதிகம் வளைவதால் கறுப்பு அங்கேதான் கூடும். கிளாஸ் மேசையில் இருக்கிறது என்பதற்காக அடியைத் தட்டைக் கோடாகப் போடாதீர்கள். கண்மட்டத்திலிருந்து கீழே இறங்க இறங்க நீள்வட்டம் விரியும். வாயைவிட அடி கூடுதலாக வளைந்திருக்க வேண்டும்.

தண்ணீர் நிறைந்த கிளாஸ் லென்ஸ் போல வேலை செய்யும். பின்னால் சற்றுத் தள்ளி இருக்கும் பொருள் அதற்குள் இடவலம் மாறித் தெரியும். மனம் அதை நேராக்கப் பார்க்கும், விடாதீர்கள். நிழலையும் முழுக்கக் கறுப்பால் அடைக்கக்கூடாது, அதன் நடுவே ஒளிக்கீற்று விழும்.

எவர்சில்வரில் நடக்கும் தவறு வேறு: எல்லாவற்றையும் விரலால் தேய்த்து மென்மையாக்குவது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் அழியாத திட்டு ஆகும், சொம்பும் மண்பானை ஆகிவிடும். புது எவர்சில்வரில் கறுப்பும் வெள்ளையும் கூரான எல்லையோடு ஒட்டி நிற்கும். அறை முழுதும் வளைந்து சுருங்கி அதில் தெரியும், வரைகிற நீங்களும் ஒரு கறுப்புத் திட்டாக இருப்பீர்கள். (தினமும் நார் போட்டுத் தேய்த்த சொம்பில் பிம்பம் மங்கும். அங்கே மட்டும் துணியால் லேசாக மென்மையாக்கலாம்.) டியூப்லைட்டும் ஜன்னலும் சேர்ந்தால் இரட்டை ஒளிப்புள்ளிகள் குழப்பும். ஒன்றை மறைத்துவிடுங்கள்.

ராயபுரம், காசிமேடு கடலோர வீடுகளில் மழை மாதங்களில் தாள் நமத்துப்போய் சார்கோல் திட்டுத்திட்டாக ஒட்டும். ஈரக்காற்றில் ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் தாளில் நிற்கவைக்கும் ஸ்ப்ரே) அடித்தால் சிலவகைகள் வெண்படலம் விடும். வெயிலேறிய பிறகு 30 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக இரண்டு முறை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடியுங்கள். வெள்ளை சற்று மங்கும். மிகக் கூர்மையான ஒளிப்புள்ளியை அதன்பிறகு வெள்ளை சாக் பென்சிலால் வையுங்கள்.