ஆன்லைன் வகுப்பைக் கேள்வியிலிருந்து கட்டுங்கள்

வீடியோவை முழுதாகப் பார்த்து முடித்தவர், ஒரு வாரம் கழித்து அதிலிருந்து எதையும் சொல்ல முடியாமல் திணறுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள். பார்ப்பது ஒரு வேலை, பார்த்ததை நினைவிலிருந்து எடுப்பது வேறு வேலை. இரண்டாவதற்குப் பயிற்சி தரும் வகுப்பை எப்படி அமைப்பது? கேமரா பழகுவோருக்கான வகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: கடைசியில் என்ன செய்வார் என்று எழுதுங்கள்

"கேமராவைப் புரிந்துகொள்வார்" என்பதை வைத்துக்கொண்டு பாடம் அமைக்க முடியாது. "ஓடும் குழந்தையைக் கலங்காமல் படம் எடுப்பார்" என்று எழுதுங்கள். அந்த வேலைக்கு உதவாத பகுதி எவ்வளவு சுவையாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். லென்ஸின் வரலாறு எனக்கும் பிடிக்கும்தான், ஆனால் இந்தப் பாடத்தில் அதற்கு இடமில்லை.

படி 2: ஒரு வீடியோ, ஒரு விஷயம்

புதிதாக வருவதை மூளை முதலில் பிடித்து வைக்கும் இடம் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் அதில் சுமார் 4 தகவல் துண்டுகள்தான் தங்கும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் எழுதினார். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம்), அபெர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால், மூன்றும் புதிது, அவற்றுக்குள் இருக்கும் தொடர்பும் புதிது. எப்படித் தங்கும்? ஷட்டர் வேகத்தை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் வகுப்புத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வும், 6 நிமிடத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

படி 3: திரையில் உள்ளதை வாசிக்காதீர்கள்

பேசும் வரிகளே திரையிலும் ஓடினால் கண் ஒரு வேகத்தில் போகும், காது ஒரு வேகத்தில் போகும். படத்தைக் காட்டிவிட்டு விளக்கத்தைப் பேசுங்கள். காது கேளாதோருக்கு எழுத்து அவசியம், ஆகவே வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி அதைத் தனியாக வையுங்கள்.

படி 4: பார்த்ததைத் திரும்ப எடுக்க வையுங்கள்

ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் செய்வேன். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். 5 நிமிடம் கழித்து மறுபடி படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. மறுபடி படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த உணர்வை நம்ப முடியாது.

அதனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் முதலில் கேள்வியை எழுதுங்கள், அப்புறம் அந்தக் கேள்விக்குத் தேவையானதை மட்டும் படம் பிடியுங்கள். "ஷட்டர் வேகம் என்றால் என்ன?" என்று கேட்டால் மனப்பாட வரிதான் வரும். "ஓடும் நாயை எடுத்தீர்கள், படம் கலங்கிவிட்டது. எதை மாற்றுவீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். விடைகளை வரிசையாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, சொந்தமாக ஒரு வரி எழுத வைப்பது மேல். எழுதியவுடன் சரியான விடையையும் அதன் காரணத்தையும் காட்டிவிடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், தப்பாகச் சொல்லிப் பார்க்கும் தைரியம் போய்விடும்.

படி 5: இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள்

பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தவர் ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885இல் வெளிவந்த அவருடைய முடிவு இது: மறதி முதலில் மிக வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். ஆகவே முதல் பாடத்தின் கேள்வியை மறுநாள் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்றாம் பாடத்தின் தொடக்கத்தில் அதையே வேறு காட்சியில் கேளுங்கள், ஓடும் நாய்க்குப் பதில் சுழலும் மின்விசிறி என்று.

சரி, பத்துப் பாடங்களையும் ஒன்றாகத் தயாரிக்க வேண்டாம். ஒன்றை முடித்து, கேமராவே தொடாத ஒருவரிடம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, வீடியோவில் அந்த இடத்தை மறுபடி எடுங்கள்.