வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றக் குழு முன் பேசுவது எப்படி?

தலைநகர் வாஷிங்டன் இல்லை, சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்தைச் சொல்கிறேன். அதன் சட்டமன்றம் ஒலிம்பியாவில் ஜனவரி இரண்டாவது திங்கள்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள், அவ்வளவுதான். அதனால் எல்லாமே அவசரமாக நடக்கும். ஒரு மசோதாவை உறுப்பினர் குழு விசாரிக்கும்போது பொதுமக்களும் தங்கள் கருத்தைச் சொல்லலாம். அதற்கான வழி இது.

1. மசோதாவின் எண்ணைப் பிடியுங்கள். 1000-லிருந்து தொடங்கும் எண்கள் கீழவையுடையவை, 5000-லிருந்து தொடங்குபவை செனட்டுடையவை.

2. மசோதாவைப் படியுங்கள். இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். இரட்டை அடைப்புக்குறிக்குள் கோடு போட்டு அடித்திருந்தால் அது நீக்கப்படுவது. அடிக்கோடு இருந்தால் புதிதாகச் சேர்ப்பது. இது பிடிபட்டால் நீளமான மசோதாவிலும் மாறுகிற வரிகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், தண்டனை என்ன என்று தேடுங்கள். சிறை என்றால் குற்றவியல். நஷ்டஈடு, வழக்குப் போடும் உரிமை என்றால் பெரும்பாலும் உரிமையியல். சின்ன மாற்றம்தானே என்று விடாதீர்கள். 2011-ல் இங்கே 'கிராஸ் மிஸ்டிமீனர்' எனப்படும் நடுத்தரக் குற்றங்களுக்கான அதிகபட்சச் சிறையை ஒரு வருடத்திலிருந்து 364 நாளாகக் குறைத்தார்கள். ஒரே ஒரு நாள்! ஆனால் கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு வருடத் தண்டனை சில குற்றங்களுக்கு நாடுகடத்தல் வரை கொண்டுபோய்விடும். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு அந்த ஒரு நாள்தான் எல்லாமே.

3. பெயர் கொடுங்கள். சட்டமன்ற இணையதளத்தில் குழு, தேதி, மசோதா மூன்றையும் தேர்ந்தெடுத்து, ஆதரவா, எதிர்ப்பா, மற்றதா என்று குறிக்க வேண்டும். நேரில் பேசலாம், ஜூமிலும் பேசலாம். கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே பதிவு மூடிவிடும். ஐந்து நிமிடத்தில் நான் கோட்டைவிட்டிருக்கிறேன். அப்படி ஆனாலும் எழுத்து மூலம் அனுப்ப, கூட்டம் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் உண்டு.

4. பேச்சை ஒரு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். எவ்வளவு நேரம் என்பது குழுத் தலைவர் கையில். பேச வந்தவர்கள் அதிகமென்றால் அதையும் குறைத்துவிடுவார். முதலில் குழு ஊழியர் மசோதாவை விளக்குவார், கொண்டுவந்த உறுப்பினர் பேசுவார், பிறகுதான் நம் முறை. தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம், பெயர், ஊர், ஆதரவா எதிர்ப்பா. அதற்கப்புறம் நேராக விஷயம்: எந்தப் பிரிவு, எந்த வரி, யாருக்கு என்ன ஆகும். முன்னால் பேசியவர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டாம்.

5. அன்றே ஓட்டெடுப்பு நடக்கும் என்று நினைக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஓர் அமர்வு, பெரும்பாலும் வேறொரு நாளில் வரும். அதில் பொதுமக்கள் பேச முடியாது. திருத்தங்களை வைத்து உறுப்பினர்கள்தான் விவாதிப்பார்கள். மாநில அரசு நடவடிக்கைகளை ஒளிபரப்பும் டிவிடபிள்யூ (TVW) சேனலில் பார்க்கலாம்.