பொம்மை வீட்டைப் பேய் வீடாக்கும்போது சொதப்பும் இடங்கள்

அமெரிக்காவில் பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீன் நெருங்கும்போது, வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலிலும், பழைய பொருள் கடையான த்ரிஃப்ட் ஸ்டோரிலும் பழைய பொம்மை வீடு ஒன்றை வாங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து பேய் பங்களாவாக மாற்றுபவர்கள் உண்டு. வேலை கஷ்டமில்லை. ஆனால் பெரிய தவறு பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும்.

வாங்கிய கையோடு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதைத்தான் சொல்கிறேன். ஈயம் கலந்த வீட்டுப் பெயிண்டுக்கும், அது பூசிய பொம்மைகளுக்கும் அங்கே தடை வந்தது 1978இல். அதற்கு முந்தைய மர வீட்டில் என்ன பெயிண்ட் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. தேய்த்தால் பறக்கும் ஈயத்தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். எனவே பழைய பெயிண்ட் உதிரும் வீட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். பெயிண்டே படாத பிளைவுட் வீடு கிடைத்தால் அதுதான் உத்தமம். அடியில் கம்பெனி பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1950களில் மார்க்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி செய்த தகர வீடுகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்; அதன் மேல் பெயிண்ட் அடிப்பது பாவம்.

அடுத்தது, முழுக்கக் கறுப்பு ஸ்ப்ரே அடிப்பது. இருட்டில் ஜன்னலும் கூரை ஓடும் காணாமல் போய், வெறும் கறுப்புப் பெட்டிதான் மிஞ்சும். அடர்சாம்பல் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் வெளிர்சாம்பலைத் தொட்ட தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாக இழுங்கள். சுவர் வெடித்திருக்க வேண்டுமா? காய்ந்த பூச்சின் மேல் வெள்ளைப் பசையைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே வெளிர்நிற அக்ரிலிக் பூசினால், காயக் காய வெடிப்பு தானாக விழும். பிள்ளைகள் இதை விட்டு நகர மாட்டார்கள். தெர்மோகோலில் கல்லறை செய்தால் அதில் மட்டும் ஸ்ப்ரே வேண்டாம், கரைந்துவிடும்.

உள்ளே நிஜ மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பட்டன் பேட்டரி விளக்கும் யோசிக்க வேண்டியது: குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். ஸ்க்ரூ போட்டு மூடும் பெட்டியில் ஏ.ஏ. பேட்டரி போடும் எல்.இ.டி. சரம் போதும்.

பெரிய மர வீடுகள் பல 1:12 அளவில் இருக்கும். ஆறடி ஆள் அதில் ஆறு அங்குலம். கதவை விட உயரமான எலும்புக்கூடு சிரிப்பு மூட்டும். சிலந்தி மட்டும் எவ்வளவு பெரிதானாலும் சரி.

ஸ்ப்ரேயும் சூடான க்ளூ கன்னும் பெரியவர் வேலை. மற்றதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். வௌவாலுக்கு ரோஸ் கலர் அடித்தால் அடிக்கட்டும், ராத்திரி வந்து திருத்தாதீர்கள்.

கடைசியாக, பொம்மை வீட்டை வெளியே வைத்து, சிலந்திவலை மாதிரி இழுத்துவிடும் பஞ்சைச் சுற்றினால் சிறு பறவைகள் சிக்கிக்கொள்ளும். வலை இல்லாவிட்டாலும் வீட்டைத் தாழ்வாரக் கூரைக்குக் கீழேயே வையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஒரு நல்ல மழையில் ஊதிவிடும்.