குளிர்காலப் பயணம்: இடத்தைவிடத் தேதியை முதலில் பிடியுங்கள்

மூன்று வருடமாகத் தை பிறந்ததும் நாங்கள் நாலு பேரும் மதுரையிலிருந்து குளிர் தேடிக் கிளம்பிவிடுகிறோம். நான், வீட்டுக்காரர், பத்து வயது மகள், முழங்கால் வலி உள்ள அத்தை. முதல் வருடம் சிம்லா, அடுத்த வருடம் ஊட்டி, போன வருடம் ஹம்பி. சிம்லாவுக்குப் போனபோது பணமும் போனது, அத்தைக்கு உடம்பும் படுத்தியது. அதிலிருந்து கற்றுக்கொண்டதை வைத்துத்தான் மற்ற இரண்டு பயணங்களும் நிம்மதியாக நடந்தன. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள், அதனால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

படி 1: தேதி

எல்லோரும் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு அப்புறம் விடுமுறையைப் பார்க்கிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு முடிய எந்த மலைக்குப் போனாலும் அறை வாடகை எகிறி நிற்கும். பொங்கல் விடுமுறையில் ஊட்டி, கொடைக்கானலுக்குப் பாதித் தமிழ்நாடும் வந்துவிடும். குடியரசு தினத்தை ஒட்டி வார இறுதி வந்தால் அதுவும் அப்படித்தான். காணும் பொங்கல் முடிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்து பிப்ரவரி நடு வரைக்கும், ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிட்டால், அதே அறை, அதே குளிர், கூட்டம் மட்டும் இருக்காது. மகளுக்கு நாலு நாள் லீவு போடுகிறோம், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பனி பார்க்க வடக்கே போகிறவர்களுக்கு இந்தத் தேதி இன்னும் முக்கியம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் பாதியிலும் கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி அப்பிக்கொண்டு ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஜனவரி கடைசியில் அது மெல்லக் குறையத் தொடங்கும். சிம்லா பக்கம் பனிப்பொழிவுக்கு வாய்ப்பு அதிகமும் அப்போதுதான்.

படி 2: ரயில் டிக்கெட்

2024 நவம்பர் முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. இன்னும் பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் நிறையப் பேர். ஜனவரி 20-ஆம் தேதி பயணம் என்றால் நவம்பர் 21 காலை 8 மணிக்குத் திறக்கும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை அதற்கு முந்தின வாரமே முடித்து வையுங்கள், இல்லாவிட்டால் திறக்கும் நாளில் ஆன்லைனில் டிக்கெட் எடுக்க முடியாது. தட்கலுக்கும் ஆதார் கட்டாயம். பயணிகள் பெயர்களையும் முதலிலேயே கணக்கில் சேமித்து வைத்துவிட்டால் 8 மணிக்குத் தட்டச்சு செய்துகொண்டு உட்கார வேண்டியதில்லை.

*பின்சேர்க்கை:* நடுவழி ஸ்டேஷனில் ஏறும் தோழி ஒருவர், 'நான் 60-ஆவது நாள் பார்த்தபோதே எல்லாம் காத்திருப்புப் பட்டியலில் இருந்ததே' என்று கேட்டிருந்தார். அந்த 60 நாள், ரயில் புறப்படும் முதல் ஸ்டேஷனின் தேதியிலிருந்து கணக்கு. முந்தின நாளே கிளம்பி வரும் ரயில் என்றால் உங்களுக்கும் ஒரு நாள் முன்னதாகவே திறந்துவிடும்.

படி 3: இணைப்பு ரயில் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

எங்களைக் கவிழ்த்தது இந்த இடம்தான். டெல்லிக்குக் காலை 6.30-க்கு வந்து சேரும் ரயில், அங்கிருந்து கால்காவுக்கு 7.40-க்கு இன்னொரு ரயில், கால்காவிலிருந்து மலை ரயில். கையில் இருந்த தாளில் எல்லாம் அழகாகப் பொருந்தியது. சென்னையில் வண்டி சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது. ஆக்ராவுக்கு முன்னால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து டெல்லி வந்தபோது மதியம் 2 மணி. கால்கா டிக்கெட் போனது, மலை ரயில் டிக்கெட் போனது, சிம்லாவில் அன்றைய ராத்திரி அறை வாடகையும் போனது. ராத்திரி டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் பஸ் பிடித்தோம். முழங்காலை மடக்கியே விடிய விடிய உட்கார்ந்து வந்த அத்தை அடுத்த நாள் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. அவரைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தது நான்தான் என்பதால் அது எனக்கு இன்றும் மனசில் உறுத்துகிறது.

ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்த விதி, நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு வண்டி தாமதமாக வந்து, நீங்கள் பயணமே செய்யாமல், வண்டி கிளம்புவதற்குள் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டால்தான் செல்லும். எங்கள் முதல் வண்டி சரியாகக் கிளம்பி வழியில் தாமதமானது. இரண்டாவது வண்டியோ நேரத்துக்குப் போய்விட்டது, நாங்கள்தான் அங்கே இல்லை. இரண்டிலுமே அந்த விதி எங்களுக்கு உதவவில்லை.

உதவியிருக்கக்கூடியது வேறொன்று: இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களையும் ஒன்றோடு ஒன்று இணைத்து வைப்பது. 2019-லிருந்து இந்த வசதி இருக்கிறது. ஐஆர்சிடிசி தளத்தில் இரண்டாவது டிக்கெட்டை இணைப்புப் பயணமாக எடுக்கலாம், அல்லது எடுத்த பிறகு பிஎன்ஆரை இணைக்கலாம். இரண்டிலும் பயணிகளின் பெயர் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயில் முடியும் ஸ்டேஷனும் அடுத்த ரயில் தொடங்கும் ஸ்டேஷனும் ஒன்றாகவோ, ஒரே ஊரின் தொகுப்பாக ரயில்வே கணக்கில் வைத்திருக்கும் ஸ்டேஷன்களாகவோ இருக்க வேண்டும். அப்படி இணைத்திருந்தால், முதல் ரயில் தாமதத்தால் அடுத்ததை விட்டாலும் போகாத பகுதிக்குப் பணம் திரும்பும். வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் டிடிஆர் போட வேண்டும். அலுப்பில் 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடாதீர்கள், பிளாட்பாரத்திலேயே நின்று போட்டுவிட்டு அப்புறம் டீ குடியுங்கள்.

இருந்தாலும் பணம் திரும்புவது வேறு, மலை ரயிலில் உட்காருவது வேறு. இனி வடக்கே போனால் டெல்லியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் மேலே போவேன். ஸ்டேஷன் ஓய்வறையை அதே பிஎன்ஆர் வைத்து முன்பதிவு செய்யலாம், வெளி விடுதியைவிட மலிவு. மலையில் முதல் ராத்திரி அறையை மட்டுமாவது கடைசி நேரத்தில் ரத்து செய்ய முடிகிற மாதிரி எடுங்கள்.

ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க எனக்கு 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலிதான். நெட் இல்லாத இடத்திலும் செல்போன் கோபுரத்தை வைத்து இடத்தைச் சொல்லிவிடும். வானிலைக்கு, போனில் ஏற்கெனவே இருக்கும் செயலிகளை நம்பாமல் இந்திய வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், மூடுபனி, பனிப்பொழிவு எச்சரிக்கை எல்லாம் அதில் வரும்.

படி 4: உடுப்பு

மதுரைக்காரர்களுக்குக் குளிருக்கு உடுத்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. கனமான ஸ்வெட்டர் ஒன்று வாங்கி, உள்ளே வழக்கமான பருத்தி பனியனோடு போய்விட்டேன். சிம்லாவில் எங்கே போனாலும் ஏற்றம், ஏறினால் வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் முதுகு ஐஸாகிவிடும். ஆகவே தோலை ஒட்டித் தெர்மல், அதன் மேல் கம்பளியோ ஃபிளீஸோ, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட். மூன்றும் மெல்லியதாக இருந்தாலே போதும், ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம், நின்றதும் போட்டுக்கொள்ளலாம்.

தெர்மலை ஆன்லைனில் வாங்காதீர்கள். திருப்பூர் வழியாகப் போக நேர்ந்தால் காதர்பேட்டையில் இறங்கிப் பாருங்கள், ஏற்றுமதி மிச்சச் சரக்கு கொட்டிக் கிடக்கும், துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். பனிக் கோட்டும் பூட்ஸும் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம், குஃப்ரி, மணாலி மாதிரி இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். காலுறையை இரண்டு ஜோடியாகத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும், தடிமனான ஒரு ஜோடியே நல்லது.

தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடும், அதனால் வாஸ்லைன் எடுத்துக்கொள்ளுங்கள். போன் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், உள் பாக்கெட்டில் உடம்போடு வையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பு கேட்டு வாங்கிக் கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கேஸ் கீசர் உள்ள குளியலறையில் ஜன்னல் இல்லாவிட்டாலும் இதே ஆபத்துதான். கூடுதல் ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) கேளுங்கள், வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளுங்கள், நெருப்பு வேண்டாம்.

படி 5: இப்போது இடம்

*ஊட்டி.* முதல் தடவை குளிர்ப் பயணம் என்றால் இங்கேதான் தொடங்கச் சொல்வேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த ராத்திரிகளில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஊருக்குள் சாதாரணமாக இருக்கும்போதே தலைகுந்தா, காந்தள் பக்கப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். 6 மணிக்கெல்லாம் அங்கே நிற்க வேண்டும், வெயில் ஏறியதும் கரைந்துவிடும். முந்தின ராத்திரி மேகமூட்டம் என்றால் போகாதீர்கள், விழுந்திருக்காது. என் மகள் ஒரு புல்லைப் பறித்து வைத்துக்கொண்டு அது சொட்டாகும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த ஒரு காலைக்காகவே இன்னொரு முறை போவேன்.

சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, கொடைக்கானலுக்கும் உண்டு. அரசுப் பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் டிக்கெட் கிடைக்கவில்லையா, கவலைப்படாதீர்கள். பஸ்ஸில் குன்னூர் போய் அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். 19 கிலோமீட்டர்தான், கேத்திப் பள்ளத்தாக்கும் லவ்டேலும் அந்தப் பகுதியில்தான் வருகின்றன. நவம்பர், டிசம்பர் மழையில் கல்லாறு, குன்னூர் இடையே மண் சரிந்து ரயிலை நிறுத்துவதும் உண்டு, தையில் அந்தப் பயம் குறைவு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, எவர்சில்வர் பாட்டிலை எடுத்துப் போங்கள்.

*ஹம்பி.* இது வாட்டும் குளிர் இல்லை, காலையில் ஒரு சால்வை போதும். ஆனால் மார்ச் வந்தால் அந்தப் பாறைகள் அடுப்பாகிவிடும், குளிர்காலம்தான் அதற்கு ஏற்ற பருவம். பெங்களூரிலிருந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹோஸ்பேட், அங்கிருந்து 13 கிலோமீட்டர், டவுன் பஸ் அடிக்கடி உண்டு. விட்டலர் கோயில் நுழைவுச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அன்றைக்குத் தாமரை மகாலுக்கும் அதுவே செல்லும். எங்கள் மூன்று பயணங்களில் அத்தை முழுசாக அனுபவித்தது இதைத்தான். விருபாட்சர் கோயிலில் ஒரு மணி நேரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

*சிம்லா.* கால்காவிலிருந்து 96 கிலோமீட்டர் மலை ரயில், 1903-ல் போட்டது, நூற்றுக்கு மேல் சுரங்கங்கள். அதில் போவதற்காகவே போகலாம். மதுரைக்காரர்கள் சென்னை போய்த்தான் டெல்லி ரயில் ஏற வேண்டும் என்றில்லை, சம்பர்க் கிராந்தியும் திருக்குறள் எக்ஸ்பிரஸும் வாரத்தில் சில நாள் நேரே டெல்லி நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போகின்றன. ஊருக்குள் பனி விழும் என்று எண்ணிப் போகாதீர்கள். சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, இன்னும் உயரத்தில் இருக்கும் நார்கண்டாவில் வாய்ப்பு அதிகம், அரசுப் பஸ் போகிறது. பெரும்பனி விழுந்த மறுநாள் பாதையை மூடுவார்கள், ஆகவே கைவசம் ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். ஹிமாச்சல் அரசு சுற்றுலாக் கழக விடுதிகளில் சீசன் இல்லாத நாட்களில் தள்ளுபடி கொடுப்பது வழக்கம், தனியார் விடுதிகளைத் தேடுமுன் அங்கே பாருங்கள்.

*கோடியக்கரை.* குளிர் ஆகாதவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். குளிர்காலப் பயணம் என்றால் குளிருக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? இந்த மாதங்களில்தான் பூநாரைகளும் இன்னும் எத்தனையோ வலசைப் பறவைகளும் கோடியக்கரை உப்பளப் பக்கம் இறங்கியிருக்கும், வெளிமான்களையும் பார்க்கலாம். வேதாரண்யத்தில் தங்கி அதிகாலை பஸ்ஸில் போகலாம். ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். செலவில் இந்த நாலில் இதுதான் குறைவு.

இந்தத் தைக்கு எங்கள் முறை அதுதான். அத்தை இப்போதே என் அண்ணனிடம் பைனாகுலர் சொல்லி வைத்துவிட்டார்.