இங்கிலாந்தின் குட்டி விவசாய ஊர் ஒன்றின் வரலாற்றைத் தோண்டுவது எப்படி?

பத்துப் பதினைந்து வீடு, ஒரு பழைய தேவாலயம், சுற்றிலும் வயல். இப்படி ஓர் ஊரின் கதையை எழுத உட்காருகிறவர்கள் முதலில் ஓடுவது 1086-இல் தொகுத்த நாட்டு நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்துக்குத்தான். அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். உங்கள் ஊருக்கு அதில் மூன்று நான்கு வரிதான் இருக்கும், அந்த வரிகள் எந்த நிலத்தைச் சொல்கின்றன என்பதே முதலில் பிடிபடாது.

தசமபாக வரைபடத்திலிருந்து ஆரம்பியுங்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கு அளக்கும் வழக்கத்தைப் பணமாக மாற்ற 1836-இல் சட்டம் வந்தது. அதற்காக வயல் வயலாக எண் போட்டு வரைபடமும், கூடவே ஒரு பட்டியலும் தயாரித்தார்கள். லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலோ அந்தந்த கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) ஆவணக் காப்பகத்திலோ பார்க்கலாம். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு போங்கள், உள்ளே மைக்கு இடமில்லை.

பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு வயல்: எண், நிலச் சொந்தக்காரர், பயிரிடுபவர், வயலின் பெயர், உழவா மேய்ச்சலா என்ற குறிப்பு, பரப்பு. பரப்பில் 12. 2. 15 என்று இருந்தால் தசமம் என்று நினைத்துவிடாதீர்கள், அது 12 ஏக்கர் 2 ரூட் 15 பெர்ச். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர், ஆகப் பன்னிரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. அப்புறம் வரைபடத்தை நகல் எடுத்து, பயிரிடுபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணம் தீட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஒரு முழு மாலை போய்விடும், ஆனால் எந்தப் பண்ணைக்கு எந்த வயல், யார் கை ஓங்கியிருந்தது, யார் இரண்டு ஏக்கரில் ஒட்டிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் எழுந்து நிற்கும். வயல் பெயர்களையும் விடாதீர்கள். 'மில் ஃபீல்ட்' என்று ஒன்று இருந்து, பக்கத்தில் ஆலையே இல்லை என்றால், ஒரு காலத்தில் அங்கே காற்றாலை நின்றதா என்று தேட ஒரு துப்பு கிடைத்துவிட்டது.

உங்கள் ஊருக்கு அந்த வரைபடமே இல்லையா? பெரும்பாலும் அதற்கு முன்பே நிலத்தை வேலியடைத்தபோது தசமபாகத்தையும் தீர்த்திருப்பார்கள். அப்படியானால் வேலியடைப்புத் தீர்ப்பு ஆவணத்தைக் கேளுங்கள். ஊர்ப் பொதுவயலில் ஆளுக்குப் பல பட்டைகள் என்று சிதறிக் கிடந்த நிலத்தைச் சேர்த்து வேலி போட, 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர். கோடு போட்டாற்போல நேரான வேலிகளும் அகலமான நேர்ச்சாலையும் கண்ணில் பட்டால் அந்தக் காலத்தின் கைவேலை என்று சந்தேகப்படலாம். பழைய உழவின் மேடுபள்ளங்கள் மேய்ச்சல் நிலங்களில் இன்னும் இருக்கின்றன, குளிர்கால மாலையில் சாய்வெயில் விழும்போது போய்ப் பாருங்கள். பொதுவயல் முறை இன்றும் உயிரோடு இருக்கும் அபூர்வ ஊர் நாட்டிங்ஹாம்ஷயரின் லாக்ஸ்டன், அதற்கு 1635-இல் வரைந்த வரைபடமே இருக்கிறது.

சரி, மனிதர்கள். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கில் ஊர் முழுக்கப் பெயர் கிடைக்கும். 'ஏஜி லேப்' என்று வரிசையாக வரும், விவசாயக் கூலி என்பதன் சுருக்கம். அந்த ஆண்டுக் கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள், 1538-இல் உத்தரவானவை, ஆனால் தொடக்க கால ஏடுகள் பல ஊர்களில் தொலைந்துவிட்டன. 1752-க்கு முன் அங்கே புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1702 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1703. இதைக் கவனிக்காமல் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பெற்றதாக எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

மேனர் (ஒரு நிலப்பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட நிலம்) நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை பெரும்பாலும் லத்தீன். நம் ஜமீன் கணக்கு மாதிரிதான்: யார் யாருக்கு நிலம் மாறியது, யார் மாடு யார் பயிரை மேய்ந்தது, எவ்வளவு அபராதம்.

இப்போது டூம்ஸ்டேக்குப் போகலாம். எத்தனை ஏர் என்று சொல்லும் இடத்தில் ஏருக்கு எட்டு எருது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கணக்கு குடும்பத் தலைவர்கள் மட்டும். ஊர்ப் பெயரே இல்லை என்றால் ஊரே இல்லை என்று அர்த்தமல்ல, பக்கத்து மேனரின் கணக்கில் சேர்ந்திருக்கலாம்.

ஊர் காலியானால் உடனே 1348-இன் கொள்ளை நோயைக் காட்டுவது பலருக்கும் பழக்கம். யார்க்ஷயரின் வாரம் பெர்சி என்ற ஊர் அதைத் தாண்டியும் பிழைத்தது, கடைசிக் குடும்பங்களை 1500-ஐ ஒட்டி வெளியேற்றியது ஆட்டு மேய்ச்சலுக்காக.

நம் காலத்துக்கு அருகில் கடைசியாக 1941 முதல் 1943 வரை நடந்த தேசியப் பண்ணைக் கணக்கெடுப்பு. ஐந்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளில் மின்சாரம் உண்டா, முயல் தொல்லை எவ்வளவு என்று கேட்டு, விவசாயிக்கே ஏ, பி, சி என்று தரம் போட்டார்கள். தரம் குறைந்தால் காரணமும் எழுதினார்கள்: முதுமை, முதலீட்டுக்குப் பணம் இல்லாமை, சொந்தக் குறைபாடு. அவருடைய பேரன் இன்னும் அதே பண்ணையில் இருக்கக்கூடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தத் தாளின் நகலோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.